இணைய மிரட்டல்: யார் எதற்குப் பொறுப்பு, யாரிடம் எப்படிக் கேட்பது

இன்ஸ்டாகிராமிலோ வாட்ஸப்பிலோ ஒருவருக்கு மிரட்டல் வந்தால், சுற்றியிருப்பவர்கள் முதலில் சொல்வது "கணக்கை மூடிடு, கொஞ்ச நாள் போனைத் தொடாதே" என்பதுதான். கல் எறிபவனை விட்டுவிட்டு, எறி வாங்கியவரை வீட்டைக் காலி செய்யச் சொல்வது மாதிரி. சட்டம் வேலையை வேறு விதமாகப் பங்கிட்டிருக்கிறது. பதிவை நீக்குவது தளத்தின் பொறுப்பு. ஆளைக் கண்டுபிடிப்பது காவல்துறையின் பொறுப்பு. பள்ளி, கல்லூரி, அலுவலகச் சுற்றத்துக்குள் நடந்தால் நிர்வாகத்துக்கும் பங்கு உண்டு. பாதிக்கப்பட்டவர் செய்ய வேண்டியது இரண்டுதான்: ஆதாரத்தைப் பத்திரப்படுத்துவது, ஒவ்வொருவரிடமும் அவரவர் வேலையை எழுத்தில் கேட்பது.

கீழே இருப்பது தமிழ்நாட்டில் வசிப்பவர்களுக்கான வழிமுறை. சட்டப் பிரிவுகள் பெரும்பாலும், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பி.என்.எஸ்., மற்றும் 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்திலிருந்து எடுத்தவை.

ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். மிரட்டுபவருக்கு உங்கள் வீடு தெரியும், வரப்போகிறார் என்று தோன்றினால் இந்தக் கட்டுரையைப் படிக்க வேண்டாம், 112-ஐ அழையுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் ஆதாரம், பிறகு ரிப்போர்ட், கடைசியில் பிளாக்

இந்த வரிசையைப் புரட்டிப் போடுவதால்தான் பல புகார்கள் நின்றுபோகின்றன. நீங்கள் ரிப்போர்ட் செய்து தளம் பதிவை நீக்கிவிட்டால், உங்கள் கையில் எதுவும் மிஞ்சாது. பிளாக் செய்துவிட்டால் அந்தக் கணக்கின் பக்கத்தை நீங்களே பார்க்க முடியாது. ஆகவே அரை மணி நேரம் ஒதுக்கி ஆதாரத்தை எடுத்து முடியுங்கள். கை நடுங்கினால் நம்பகமான ஒருவரை உட்கார வைத்து எடுக்கச் சொல்லுங்கள். அவரே கடைசிவரை ஆதாரக் காப்பாளராக இருப்பது நல்லது. புதிதாக வரும் செய்திகளையும் அவர் படிக்கட்டும், நீங்கள் படிக்க வேண்டியதில்லை.

எந்தத் தளம் முதலில் என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. டெலிகிராமில் அனுப்பியவர் எப்போது வேண்டுமானாலும் இரண்டு பக்கத்திலிருந்தும் தடயமில்லாமல் அழித்துவிடலாம். இன்ஸ்டாகிராம் செய்தியையும் திரும்பப் பெற முடியும். வாட்ஸப்பில் எல்லோருக்கும் அழிக்க ஏறக்குறைய இரண்டரை நாள் அவகாசம். அழித்தாலும் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்ற வரி நிற்கும். எனவே டெலிகிராம், இன்ஸ்டாகிராம், பிறகு வாட்ஸப் என்று போங்கள்.

ஸ்கிரீன்ஷாட்டை வெட்டாதீர்கள். மேலே கடிகாரம், கணக்கின் பெயர், செய்தி மூன்றும் ஒரே படத்தில் இருக்க வேண்டும். இங்கே ஒரு சின்னச் சிக்கல் அடிக்கடி வரும்: மிரட்டியவரின் எண்ணை நீங்கள் 'கார்த்தி காலேஜ்' என்று சேமித்து வைத்திருந்தால், வாட்ஸப் ஸ்கிரீன்ஷாட்டில் அந்தப் பெயர்தான் தெரியும், எண் தெரியாது. அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் எந்த எண்ணுக்கும் வைக்கலாம் என்று எதிர்த்தரப்பு வாதாடும். பெயரைத் தொட்டு, எண் தெரியும் பக்கத்தையும் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரமும் அப்படித்தான். '2 வாரம் முன்பு' என்று காட்டும் கமெண்ட் ஆறு மாதம் கழித்துக் காவல் நிலையத்தில் எதற்கும் உதவாது. இன்ஸ்டாகிராம் உரையாடலை இடப்பக்கம் இழுத்தால் ஒவ்வொரு செய்தியின் நேரமும் தெரியும். பேஸ்புக்கைக் கணினியில் திறந்து நேரத்தின் மேல் சுட்டியை வைத்தால் முழுத் தேதி வரும். இந்த நிமிடக் கணக்கு அலங்காரத்துக்கு அல்ல. செல்போன் நிறுவனங்கள் ஒரே ஐ.பி. முகவரியை, அதாவது இணைய இணைப்பின் அடையாள எண்ணை, ஒரே சமயத்தில் பலருக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. துல்லியமான நேரம் இல்லாவிட்டால் அந்த முகவரியிலிருந்து ஒரு தனி ஆளுக்குப் போய்ச் சேர முடியாது. தளங்கள் தரும் பதிவேடு பெரும்பாலும் யு.டி.சி. எனும் உலகப் பொது நேரத்தில் இருக்கும், நம் நேரம் அதைவிட 5.30 மணி கூடுதல். இதைக் கவனிக்காமல் வேறு யாரையோ விசாரித்துவிட்டுத் திரும்புவதும் நடக்கக்கூடியதுதான்.

அடுத்தது இணைப்பு. பயனர்பெயரை நம்பாதீர்கள், விஷயம் பெரிதாகிறது என்று தெரிந்ததும் மாற்றிவிடுவார்கள். ஆனால் ஒரு இன்ஸ்டாகிராம் பதிவின் இணைப்பும், ஒரு எக்ஸ் பதிவின் எண்ணும் பயனர்பெயர் மாறினாலும் மாறாது. 'பகிர்' பொத்தானைத் தொட்டு 'இணைப்பை நகலெடு' என்பதை அழுத்தி, அந்த முகவரியை எழுத்தாக ஒரு கோப்பில் ஒட்டி வையுங்கள். யூடியூபில் சேனலின் பெயரை மாற்றலாம், 'யுசி' என்று தொடங்கும் நீண்ட சேனல் அடையாளத்தை மாற்ற முடியாது, அதையும் எடுங்கள். இன்ஸ்டாகிராமில் 'இந்தக் கணக்கைப் பற்றி' என்ற பகுதியில் கணக்கு தொடங்கிய மாதமும் நாடும் இருக்கும். நேற்றுத் தொடங்கிய கணக்கு என்றால் அதுவே ஒரு தகவல்.

பிறகு ஒரு ஸ்கிரீன் ரெக்கார்டிங்: கணக்கின் முகப்பிலிருந்து தொடங்கி, உரையாடலைத் திறந்து, மேலிருந்து கீழ்வரை மெதுவாக உருட்டுங்கள். தனித்தனி ஸ்கிரீன்ஷாட்களைப் போலி என்று சொல்வது சுலபம், இதைச் சொல்வது கடினம். வாட்ஸப்பில் 'உரையாடலை ஏற்றுமதி செய்' என்ற வசதியையும் பயன்படுத்துங்கள்.

எடுத்த கோப்புகளை வாட்ஸப்பில் படமாக அனுப்பிச் சேமிக்க வேண்டாம். படம் சுருங்கி, உள்ளே இருக்கும் விவரங்களும் போய்விடும். பென் டிரைவிலும் மின்னஞ்சலிலும் ஒவ்வொரு நகல் வையுங்கள். மூலப் போனை ரீசெட் செய்யாதீர்கள், விற்காதீர்கள். மின்னணு ஆதாரத்தை நீதிமன்றத்தில் வைக்கும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63-ம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் தேவை. அதன் முதல் பகுதியில் ஆதாரத்தைத் தருபவர், இரண்டாம் பகுதியில் ஒரு நிபுணர் கையெழுத்திட வேண்டும்; கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் எண்ணும் எழுதப்படும். இப்போதே நீங்கள் அதைத் தயாரிக்க வேண்டியதில்லை. ஆனால் எந்தப் போனில், யார், எந்தத் தேதியில் எடுத்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால் அன்றைக்குத் தடுமாற வேண்டாம்.

இதற்கெல்லாம் ஒரே ஒரு விதிவிலக்கு. படத்தில் இருப்பது 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் ஆபாசப் படம் என்றால் ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள், சேமிக்காதீர்கள், 'ஆதாரத்துக்காக' என்று யாருக்கும் அனுப்பாதீர்கள். அப்படிப்பட்ட படத்தை வைத்திருப்பதும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின்கீழ்க் குற்றமாகலாம் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இணைப்பையும் கணக்கின் பெயரையும் நேரத்தையும் மட்டும் எழுதிக்கொண்டு நேராகக் காவல்துறைக்குப் போங்கள்.

தளத்திடம் கேட்பது

பதிவுக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டு ரிப்போர்ட் செய்வது முதல் படி. வகையைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி. 'எனக்குப் பிடிக்கவில்லை' என்பதைத் தொட்டால் எதுவும் நடக்காது. உங்கள் பெயரில் போலிக் கணக்கு என்றால் 'வேறொருவரைப் போல் நடிக்கிறார்', அதற்குள் 'நான்' என்று போக வேண்டும். கணக்கை மட்டும் ரிப்போர்ட் செய்தால் போதாது. மோசமான ஒவ்வொரு பதிவையும் கமெண்டையும் தனித்தனியாகச் செய்யுங்கள். வாட்ஸப்பில் ரிப்போர்ட் செய்யும்போது அந்த நபர் அனுப்பிய கடைசி 5 செய்திகள் வரைதான் நிறுவனத்துக்குப் போகும். எனவே மிரட்டல் வந்த கையோடு செய்வது நல்லது. அல்லது குறிப்பிட்ட செய்தியை அழுத்திப் பிடித்து அதையே ரிப்போர்ட் செய்யுங்கள்.

நண்பர்கள் ஐம்பது பேரைக் கூட்டி ஒரே நேரத்தில் ரிப்போர்ட் அடிக்கச் சொல்வது இங்கே ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. எண்ணிக்கையை வைத்து நீக்குவதில்லை என்று பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸப்பை நடத்தும் மெட்டாவே சொல்கிறது. ஒரு ரிப்போர்ட் ஒழுங்காக இருந்தால் போதும்.

தமிழ் மிரட்டல்களுக்குத் தனிப் பிரச்சினை உண்டு. "உனக்கு ஸ்கெட்ச் போட்டாச்சு", "சம்பவம் பண்ணிடலாம்", "தூக்கிருவோம்" என்பதெல்லாம் இயந்திர வடிகட்டிக்கும் தொலைதூரத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்கும் சாதாரண வாக்கியங்கள். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தால் இன்னும் மோசம். விளக்கம் எழுத இடம் கிடைக்கும் இடத்திலெல்லாம் "இது கொலை மிரட்டல்; உள்ளூர் வழக்கில் இதன் பொருள் இது" என்று ஒரே வரியில் எழுதிவிடுங்கள். சாதி வசவுகளுக்கும் இதையே செய்ய வேண்டும்.

அந்த எழுதும் இடம் பெரும்பாலும் இரண்டாம் படியில்தான் கிடைக்கும். அது குறைதீர்ப்பு அலுவலர். சமூக ஊடகத் தளங்களுக்கான 2021-ம் ஆண்டின் இடைத்தரகர் விதிகளின்படி இந்தியாவில் செயல்படும் ஒவ்வொரு தளமும் அவர் பெயரையும் தொடர்பு வழியையும் வெளியிட வேண்டும். 50 லட்சத்துக்கு மேல் பதிவுசெய்த பயனர்கள் உள்ள தளங்களில் அவர் இந்தியாவில் வசிப்பவராக இருக்க வேண்டும். செயலிக்குள் ரிப்போர்ட் அடிப்பதையே பலர் புகார் என்று நினைத்துவிடுகிறார்கள். அது வேறு, இது வேறு. இந்த அலுவலருக்குப் படிவத்திலோ மின்னஞ்சலிலோ எழுதினால்தான் கெடு ஓடத் தொடங்கும். 24 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதை ஒப்புக்கொள்ள வேண்டும். தீர்வுக்கு முதலில் 15 நாள் கெடு இருந்தது. அந்தரங்கப் படம், நிர்வாணப் படம், மார்பிங் செய்த படம், ஆள்மாறாட்டம் ஆகியவற்றுக்கு 24 மணி நேரம். பிறகு வந்த திருத்தங்கள் இவற்றை இன்னும் குறுக்கித்தான் இருக்கின்றன, நீட்டவில்லை. அவர்கள் தரும் டிக்கெட் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பதில் திருப்தியில்லை, அல்லது பதிலே இல்லை என்றால் மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், வக்கீல் தேவையில்லை. குறைதீர்ப்பு அலுவலரின் பதில் வந்த 30 நாளுக்குள் போக வேண்டும். இந்தப் படியை மக்கள் அதிகம் பயன்படுத்துவதில்லை, அது ஒரு நஷ்டம்.

அந்தரங்கப் படத்தை வெளியிடுவேன் என்று மிரட்டுகிறார், இன்னும் வெளியிடவில்லை என்றால் 'ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.' என்ற இலவசச் சேவை இருக்கிறது. படத்தை அது வாங்குவதில்லை. உங்கள் போனிலேயே படத்திலிருந்து ஒரு ஹாஷ் எண்ணை உருவாக்கி அதை மட்டும் எடுத்துக்கொள்ளும். பேஸ்புக், இன்ஸ்டாகிராம் உள்ளிட்ட பங்கேற்கும் தளங்களில் அதே படம் ஏற்றப்பட்டால் பிடித்துவிடலாம். 18 வயதுக்குக் கீழ் என்றால் 'டேக் இட் டவுன்' என்ற சேவை. இரண்டுமே வாட்ஸப்பில் தனிப்பட்ட முறையில் போகும் படத்தைத் தடுக்காது. கூகுள் தேடலில் வருவதை நீக்கக் கூகுளிடம் தனியாகக் கேட்க வேண்டும். பதிவு நீங்கினாலும் தேடல் முடிவில் அது கொஞ்ச நாள் தொங்கிக்கொண்டிருக்கும்.

காவல்துறையிடம் கேட்பது

நீக்கமும் வழக்கும் இரண்டு தனிப் பாதைகள். இரண்டையும் ஒரே நாளில் தொடங்க வேண்டும். 2016 ஜூனில் சேலம் மாவட்டத்தில் ஒரு 21 வயதுப் பெண்ணின் முகத்தை மார்பிங் செய்து பேஸ்புக்கில் போட்டார்கள். குடும்பம் காவல்துறையிடம் புகார் கொடுத்துவிட்டுக் காத்திருந்தது. அதற்குள் இன்னொரு படமும் வந்தது; அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். மெத்தனத்துக்கு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். போலீஸ் ஆளைப் பிடித்தால்தான் படம் நீங்கும் என்பதில்லை. படம் நீங்கினால் வழக்கு போய்விடும் என்பதும் இல்லை. நீக்கிய பதிவையும் அதன் விவரங்களையும் 180 நாள் விசாரணைக்காகத் தளம் பாதுகாக்க வேண்டும் என்று அதே 2021 விதிகள் சொல்கின்றன. அதனால் ஆறு மாதம் யோசித்துவிட்டுப் போகாதீர்கள்.

புகார் கொடுக்க இரண்டு வாசல். ஒன்று, சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற தேசியத் தளம். பெண்கள், குழந்தைகள் தொடர்பான ஆபாசப் பதிவுகளைப் பெயர் சொல்லாமலும் அங்கே தெரிவிக்கலாம். ஆனால் பெயர் சொல்லாத புகாரைப் பின்தொடர முடியாது. உங்களுக்கே நடந்தது என்றால் பெயருடன் கொடுத்து, ஒப்புகை எண்ணை வாங்குங்கள். அந்த எண் எஃப்.ஐ.ஆர். அல்ல என்பது நினைவிருக்கட்டும். மனு உங்கள் மாவட்டக் காவல்துறைக்கு அனுப்பப்படும், அங்கிருந்து அழைப்பு வரும். 1930 என்பது முக்கியமாகப் பண மோசடிக்கான எண். மிரட்டிப் பணம் பறித்திருந்தால் அதை முதலில் அழையுங்கள், கையில் பணப் பரிமாற்றத்தின் 12 இலக்க யு.டி.ஆர். எண்ணை வைத்துக்கொண்டு. சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியில் முடக்க வாய்ப்பு உண்டு.

இரண்டாவது வாசல் காவல் நிலையம். ஒவ்வொரு மாவட்டத்திலும் மாநகரக் காவலிலும் சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. உள்ளூர் நிலையத்துக்குப் போனால் "இது சைபர் கேஸ், அங்கே போங்க" என்று திருப்பி அனுப்புவது சகஜம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 78-ம் பிரிவு கேட்பது இன்ஸ்பெக்டர் தகுதிக்குக் குறையாத அதிகாரியைத்தான், சைபர் நிலையத்தை அல்ல. "எங்க லிமிட் இல்லை" என்பதும் இனிச் செல்லாது: புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ன் 173-ம் பிரிவின்படி எல்லை எதுவானாலும் புகாரைப் பதிந்து, பிறகு உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். மின்னஞ்சலிலும் புகார் கொடுக்கலாம். மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். பெண்களைப் பின்தொடர்தல், பாலியல் தொல்லை போன்ற குற்றங்களில் பாதிக்கப்பட்ட பெண்ணின் வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

மனு எப்படி எழுதுவது? பலரும் "என்னைப் பற்றி அவதூறு பரப்புகிறார், மன உளைச்சலாக இருக்கிறது" என்று தொடங்குகிறார்கள். அங்கேயே மனு படுத்துவிடும். அவதூறு, போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போடக்கூடிய குற்றம் அல்ல. மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகாராகத்தான் போக வேண்டும். புகாரை எழுதும் காவல் நிலைய ரைட்டர் அந்த ஒரு சொல்லைப் பார்த்து "கோர்ட்டுக்குப் போங்க" என்று சொல்லிவிடுவார். நடந்ததில் கடுமையானது எதுவோ அதிலிருந்து தொடங்குங்கள். உதாரணத்துக்கு ஒரு மனுவின் நடுப்பகுதி:

"14-ம் தேதி இரவு 10.42 மணிக்கு மேற்படி இன்ஸ்டாகிராம் கணக்கிலிருந்து எனக்கு 'நாளைக்குக் காலேஜ் வாசல்ல வெச்சு மூஞ்சில ஊத்துறேன்' என்று செய்தி வந்தது. படம் 1. அன்று 10.50-க்கு என் பெயரிலும் படத்திலும் ஒரு போலிக் கணக்கு தொடங்கப்பட்டு, அதில் என் கைபேசி எண் போடப்பட்டது. படம் 2, இணைப்பு முகவரி கீழே. 15, 16 தேதிகளில் நான் தொடர்பு வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஐந்து வெவ்வேறு கணக்குகளிலிருந்து செய்தி வந்தது. படம் 3 முதல் 7 வரை."

இந்த மூன்று வாக்கியங்களில் மூன்று குற்றம் இருக்கிறது. கடுங்காயம் ஏற்படுத்துவதாக மிரட்டுவது பி.என்.எஸ். 351(3), பெயர் மறைத்துச் செய்தால் 351(4) கூடுதல். போலிக் கணக்கு தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி, 66டி. வேண்டாம் என்ற பெண்ணைத் தொடர்ந்து தொல்லை செய்வது பி.என்.எஸ். 78. பணம் கேட்டு மிரட்டினால் 308. அந்தரங்கப் படத்தை எடுப்பதும் அனுப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ, 67ஏ. பிரிவைப் போடுவது போலீசின் வேலை. ஆனால் 66சி, 66டி, 66இ, 67 எல்லாமே மூன்று ஆண்டுத் தண்டனைக்கு உட்பட்டவை அல்லது அதற்கு மேற்பட்டவை என்பதால், போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடியவை என்று தெரிந்து வைத்திருப்பது பேச உதவும். பி.என்.எஸ். 78-ம் பிரிவு பெண்களுக்கு மட்டும். மற்றவை ஆண்களுக்கும் பொருந்தும். ஆபாச வீடியோ காலில் சிக்கிப் பணம் கொடுத்துக்கொண்டிருக்கும் ஆண்கள் வெட்கப்பட்டுப் புகார் கொடுக்காமல் இருப்பதைத்தான் அந்தக் கும்பல்கள் முதலீடாக வைத்திருக்கின்றன. ஒரு முறை கொடுத்தால் மறுபடி கேட்பார்கள்.

சாதியைச் சொல்லித் திட்டியிருந்தால், பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவர் என்றால், 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள், அதை டி.எஸ்.பி. தகுதியுள்ள அதிகாரி விசாரிக்க வேண்டும். எஃப்.ஐ.ஆரில் 66ஏ என்று இருந்தால் உடனே மாற்றச் சொல்லுங்கள். 2015 மார்ச் 24-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த பிரிவு அது. ஆனாலும் பழக்கதோஷத்தில் எங்காவது எட்டிப் பார்க்கும்.

மனுவை இரண்டு பிரதியாகக் கொண்டுபோய் ஒன்றில் முத்திரை வாங்குங்கள். உடனே எஃப்.ஐ.ஆர். போடாவிட்டால், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது இல்லாமல் எழுந்து வரக் கூடாது. மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு முதற்கட்ட விசாரணை நடத்தலாம்; அதற்கும் 14 நாள்தான் கெடு. எஃப்.ஐ.ஆர். போட்டால் நகல் இலவசம். மறுத்தால் அதே மனுவைப் பதிவுத் தபாலில் கண்காணிப்பாளருக்கோ ஆணையருக்கோ அனுப்புங்கள், தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதன் பிறகும் ஒன்றும் நடக்காவிட்டால், பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டை அணுகி விசாரணைக்கு உத்தரவு கேட்கலாம். இந்த வரிசையில் ஒரு படியைத் தாண்டினாலும் நீதிமன்றம் "அங்கே போனீர்களா" என்று கேட்கும். அதனால்தான் ரசீதுகளின் மேல் இவ்வளவு அழுத்தம்.

படம் பல தளங்களில் பரவிவிட்டால் உயர்நீதிமன்றமும் ஒரு வழி. 2025-ல் ஒரு பெண் வழக்கறிஞரின் அந்தரங்க வீடியோ பரவிய வழக்கில், 48 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்கும்படி சென்னை உயர்நீதிமன்றம் மத்திய மின்னணு அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது.

பகிர்ந்தவர், அட்மின், பள்ளி, அலுவலகம்

"நான் எழுதலை, ஃபார்வர்டுதான் பண்ணினேன்" என்பது தப்பிக்கும் வழி அல்ல. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவை 2018-ல் முகநூலில் பகிர்ந்த நடிகரும் அரசியல்வாதியுமான எஸ்.வி. சேகர், படிக்காமல் பகிர்ந்ததாகவும் பிறகு நீக்கியதாகவும் சொன்னார். 2023-ல் சென்னை உயர்நீதிமன்றம் வழக்கை ரத்து செய்ய மறுத்தது. சமூக ஊடகத்தில் அனுப்பிய செய்தி வில்லை விட்டுப் புறப்பட்ட அம்பு என்றது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை.

குரூப் அட்மினின் நிலை வேறு. வெறும் அட்மினாக இருந்தார் என்பதற்காக மட்டும் உறுப்பினர் போட்ட பதிவுக்கு அவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று 2021 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது சரியாகாது. அட்மின் செய்யக்கூடியது எளிது: பதிவையும் அனுப்பியவர் எண்ணையும் ஸ்கிரீன்ஷாட் எடுப்பது, பாதிக்கப்பட்டவரிடம் கொடுப்பது, பதிவை எல்லோருக்கும் அழிப்பது, 'அட்மின்கள் மட்டும் செய்தி அனுப்பலாம்' என்று ஓரிரு நாள் பூட்டி வைப்பது, பிறகு ஆளை நீக்குவது. ஆளை முதலில் நீக்கிவிட்டால் அவர் வேறொரு குரூப் தொடங்கி அங்கே தொடர்வார், இங்கே ஆதாரமும் இருக்காது.

பள்ளியில் பிள்ளைகளுக்குள் நடந்தால் தலைமையாசிரியருக்கு எழுத்தில் கொடுங்கள், வாயால் சொல்லாதீர்கள். பாலியல் தன்மை இருந்தால் விஷயம் தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது போக்சோ 19-ம் பிரிவு. "பள்ளிப் பெயர் கெட்டுவிடும், நமக்குள் பேசி முடிக்கலாம்" என்று மூடி மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை. பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண் 14417, குழந்தைகளுக்கு 1098. பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: சொன்ன உடனே போனைப் பிடுங்காதீர்கள். போன் போய்விடும் என்ற பயத்தில்தான் பிள்ளைகள் மூன்று மாதம் சொல்லாமல் வைத்திருக்கிறார்கள்.

கல்லூரியில் சீனியர்கள் வாட்ஸப் குரூப்பில் செய்வதும் ராகிங்தான். தேசிய உதவி எண் 1800-180-5522. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் அலுவலகத்தில், உடன் வேலை பார்ப்பவர் ஆபாசச் செய்தி அனுப்பினால், பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள் அலுவலகத்தின் உள்ளகப் புகார்க் குழுவிடம் போகலாம்; மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அது போலீஸ் புகாருக்கு மாற்று அல்ல, இரண்டையும் சேர்த்தே செய்யலாம்.

செய்யக் கூடாதவை

மிரட்டியவர் யார் என்று கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து, அவர் படத்தையும் எண்ணையும் பொதுவில் போடாதீர்கள். ஆள் தவறாக இருந்தால் உங்கள் மேல் வழக்கு வரும். சரியாக இருந்தாலும் அவர் எச்சரிக்கையாகிப் போனை அழித்துவிடுவார். பொறி வைக்கிறேன் என்று நீங்கள் போலிக் கணக்கு தொடங்கினால் 66டி உங்கள் மேலும் பாயலாம். 'எத்திக்கல் ஹேக்கர்' என்று பணம் வாங்கிக்கொண்டு கணக்கை முடக்கித் தருவதாகச் சொல்பவர்களில் பலர் அடுத்த மோசடிக்காரர்கள்.

பதில் சொல்ல வேண்டுமா என்று கேட்பார்கள். ஒரே ஒரு பதில்: "எனக்குத் தொடர்பு வேண்டாம், இனி செய்தி அனுப்பாதீர்கள்." அதோடு நிறுத்துங்கள். பி.என்.எஸ். 78-ம் பிரிவுக்கு அது பயன்படும். ஆள் யாரென்று தெரியும், பிளாக் செய்தால் கோபத்தில் வீட்டுக்கு வரக்கூடியவர் என்றால், இன்ஸ்டாகிராமில் பிளாக்குக்குப் பதில் 'ரெஸ்ட்ரிக்ட்' நல்லது. அவர் கமெண்ட் அவருக்கு மட்டும் தெரியும், செய்திகள் வேண்டுகோள் பெட்டிக்குப் போகும், நீங்கள் படித்தீர்களா என்று அவருக்குத் தெரியாது. ஆதாரமும் சேர்ந்துகொண்டே இருக்கும்.

தூக்கம் போனால், உயிரை விடலாம் என்று தோன்றினால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்த நேரமும், தமிழில். பெண்களுக்கு 181.

புகாருக்குப் பிறகு

எஃப்.ஐ.ஆர். எண்ணும் விசாரணை அதிகாரியின் பெயரும் கையில் இருக்கட்டும். தளத்துக்கு ஆதாரப் பாதுகாப்புக் கோரிக்கை அனுப்பினாரா என்று அவரிடம் முதல் வாரத்திலேயே கேளுங்கள். மெட்டா இப்படி வரும் கோரிக்கையின் பேரில் விவரங்களை 90 நாள் ஒதுக்கி வைக்கும். முறையான சட்டக் கோரிக்கை அதற்குள் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் அந்த 90 நாளும் வீண். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 193-ம் பிரிவு சொல்கிறது. அந்த நாளை நாட்காட்டியில் குறித்து வைத்து, தாண்டினால் எழுத்தில் கேளுங்கள்.

உங்கள் போனையே ஆதாரமாகக் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டியிருக்கும். கொடுக்கும் முன் வங்கிச் செயலிகளை வேறு போனுக்கு மாற்றி, முழு பேக்கப் எடுத்து, போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எழுதிய கைப்பற்றுதல் மகஜரின், அதாவது போனை வாங்கியதற்கான பதிவின், நகலை வாங்குங்கள். பிறகு நீதிமன்றத்தில் மனுப் போட்டுத் திரும்பக் கேட்கலாம். சிம்மை மட்டும் விட்டுவிடாதீர்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண், சில மாதத்தில் வேறொருவருக்குப் போய்விடும். அந்த எண்ணோடு உங்கள் வாட்ஸப் கணக்கும் அவர் கைக்குப் போகக்கூடும். வழக்கு முடியும்வரை குறைந்தபட்ச ரீசார்ஜாவது போட்டு அதை நடப்பில் வைத்திருங்கள்.